தெருவைத் தோண்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள: டர்பன் வார்டுகளில் மாநகராட்சிச் செய்தியை வீடுவீடாகச் சேர்க்கும் வழி

கேள்வி இதுதான். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு குடியிருப்பாளர் சங்கம். தெருவைத் தோண்டிய பிறகுதான் குழாய் மாற்றுகிறார்கள் என்று தெரிகிறது. தண்ணீர் நின்ற பிறகுதான் நோட்டீஸ் கைக்கு வருகிறது. கட்டணம் ஏறிய பிறகுதான், அதற்கு முன்பு ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்து முடிந்துபோனதே தெரிகிறது. மாநகராட்சி நடவடிக்கைகளை எங்கள் ஆட்களுக்கு, ஆங்கிலம் வாசிக்கத் தடுமாறும் ஆயா, தாத்தாக்கள் உட்பட, நேரத்தோடு சொல்ல என்ன ஏற்பாடு செய்யலாம்?

நீங்கள் கேட்பது இரண்டு வகைச் செய்தி. தண்ணீர் நிற்பது, மின்சாரம் போவது, சாலை மூடுவது எல்லாம் அவசரச் செய்தி. பட்ஜெட், கட்டணம், டெண்டர், எந்தத் தெருவுக்கு எந்த ஆண்டு வேலை என்பது மெதுவான செய்தி. பெரும்பாலான சங்கங்கள் முதல் வகையிலேயே மூச்சைச் செலவழித்துவிடுகின்றன. ஆனால் நீங்கள் பேசி எதையாவது மாற்ற முடியும் என்றால் அது இரண்டாவது வகையில்தான். அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். 2003-ம் ஆண்டின் 56-ம் எண் சட்டமான நகராட்சி நிதி நிர்வாகச் சட்டம் இந்த ஆண்டு முழுவதையும் தேதி தேதியாகக் கட்டிவைத்திருக்கிறது. வரைவு பட்ஜெட்டை ஆண்டு தொடங்குவதற்குக் குறைந்தது 90 நாள் முன்பு, அதாவது மார்ச் கடைசிக்குள், மாநகராட்சி மன்றத்தில் வைக்க வேண்டும். வைத்த உடனே வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். ஆண்டு தொடங்க 30 நாள் இருக்கும்போதாவது மன்றம் அதை ஒப்புதலுக்கு எடுத்தாக வேண்டும். அது மே கடைசி. ஆக உங்கள் குரலுக்கு இடம் இருப்பது ஏறத்தாழ ஏப்ரல் முதல் மே நடு வரை. அந்த நாட்களில்தான் நம் ஆட்கள் பாதிப்பேர் இசிப்பிங்கோ, மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோவில்களில் ஈஸ்டர் விடுமுறையில் நடக்கும் திருவிழா வேலையில் இருப்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் இது நடக்கும் என்று தெரிந்தே திட்டமிடுங்கள். பிப்ரவரியிலேயே இரண்டு பேரை "பட்ஜெட் ஆட்கள்" என்று ஒதுக்கிவிடுங்கள். திருவிழாப் பொறுப்பை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

மற்ற தேதிகளும் உண்டு. பட்ஜெட், வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் கால அட்டவணை ஆகஸ்ட் முடிவதற்குள் மன்றத்துக்கு வரும். எந்த மாதம் எந்தக் கூட்டம் என்பது அதில் இருக்கும். ஒருமுறை அதை வாங்கி நாட்காட்டியில் குறித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அரையாண்டு மதிப்பீடு ஜனவரி 25-க்குள். சென்ற ஆண்டின் ஆண்டறிக்கை ஜனவரி கடைசிக்குள். அந்த மதிப்பீட்டை ஒட்டித் திருத்த பட்ஜெட் பிப்ரவரியில் வரும். பட்ஜெட் ஒப்புதலான 28 நாளுக்குள் மேயர் செயலாக்கத் திட்டத்தை அங்கீகரிக்க வேண்டும். எஸ்.டி.பி.ஐ.பி. என்பது அதுதான். வார்டு வாரியாக மூலதனச் செலவு அதில் இருக்கும், காலாண்டு இலக்குகளோடு.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஐ.டி.பி. என்று எல்லாரும் சொல்லும் ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டம் ஐந்தாண்டுக்கானது. அதில் உங்கள் தெரு இருக்கிறது என்பதால் வேலை நடக்கப்போகிறது என்று பொருள் இல்லை. பட்ஜெட் மூன்று ஆண்டுக்கு எண் காட்டும். அதில் முதல் ஆண்டு மட்டுமே உண்மையில் ஒதுக்கிய பணம். இரண்டாம், மூன்றாம் ஆண்டுத் தொகைகள் உத்தேசம்தான். "திட்டத்தில் இருக்கிறது" என்று யாராவது கூட்டத்தில் சொன்னால் உடனே கேட்க வேண்டியது: "எந்த ஆவணத்தில், எந்த ஆண்டுப் பத்தியில், எவ்வளவு?" மூன்றுக்கும் பதில் வந்தால்தான் அது செய்தி. அதுவரை அதை அனுப்பாதீர்கள்.

அடுத்தது பிப்ரவரித் திருத்தம். மே மாதம் உங்கள் வார்டுக்கு இருந்த தொகை பிப்ரவரியில் சத்தமில்லாமல் வேறு இடத்துக்கு நகரலாம். காரணம் நியாயமானதாகவும் இருக்கலாம்: டெண்டர் தாமதமாகி, ஜூனுக்குள் அந்தப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று கணக்குப் போட்டிருப்பார்கள். ஆனால் வேலை ஏன் நின்றது என்று ஊரில் எவருக்கும் தெரியாது. கவுன்சிலரைத் திட்டுவார்கள், அல்லது கான்ட்ராக்டரை. மே பட்டியலையும் பிப்ரவரிப் பட்டியலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரு வார்டுக்கு இது அரைநாள் வேலைகூட இல்லை. ஆனாலும் யாரும் செய்வதில்லை.

நூற்றுக்கணக்கான பக்க பி.டி.எஃப். கோப்பை முழுக்க வாசிக்க வேண்டியதில்லை. முதலில் உங்கள் வார்டு எண்ணைத் தேடுங்கள். பிறகு உங்கள் பகுதிப் பெயர்களை: மூர்டன், வெஸ்ட்கிளிஃப், பேவியூ என்று ஒவ்வொன்றாக. எழுத்துக்கூட்டல் மாறியிருக்கலாம், விடாமல் தேடுங்கள். மூன்றாவதாக "பல வார்டுகள்", "அனைத்து வார்டுகள்" என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களைத் தேடுங்கள். குழாய் மாற்றம், சாலை மறுபரப்பு, தெருவிளக்கு போன்றவை பெரும்பாலும் இந்த மொத்தத் தலைப்புகளுக்குள்தான் ஒளிந்திருக்கும். அவற்றின் தெருப் பட்டியல் பட்ஜெட்டில் இருக்காது; சம்பந்தப்பட்ட துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

கட்டண உயர்வைச் சொல்லும்போது சதவீதத்தை மட்டும் அனுப்பினால் ஒருவருக்கும் உறைக்காது. வீட்டு வரி, தண்ணீர், கழிவுநீர், மின்சாரம், குப்பை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சதவீதம். சராசரி என்று ஓர் எண்ணைச் சொன்னால் தண்ணீர் அதிகம் செலவாகும் கூட்டுக் குடும்பத்துக்கு அது பொய்க் கணக்கு ஆகிவிடும். ஒரு மாதிரி பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு 600 ராண்ட், உயர்வு 10 சதவீதம் என்றால் 60 ராண்ட் கூடும் என்று வரி வரியாகப் போட்டு, கடைசியில் மொத்தம் எழுதுங்கள். (இந்த எண்கள் கணக்கு காட்டத்தான், அந்தந்த ஆண்டுக் கட்டண அட்டவணையைப் பார்த்துப் போடுங்கள்.) அதோடு சொத்து மதிப்பீட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெருநகரங்கள் பொது மதிப்பீட்டுப் பட்டியலை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும். பட்டியல் பார்வைக்கு வைக்கும் காலத்தில், குறைந்தது 30 நாள், ஆட்சேபம் கொடுக்கலாம். கொடுத்துவிட்டோம் என்று பில் கட்டுவதை நிறுத்தக் கூடாது. ஆட்சேபம் நிலுவையில் இருந்தாலும் கட்ட வேண்டியதைக் கட்டத்தான் வேண்டும் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. இந்த ஒரு வரியை விட்டுவிட்டு நோட்டீஸ் போட்டால் பாக்கி ஏறி, இணைப்பைத் துண்டிக்கும் வரை போய்விடும்.

கருத்து எழுதும் முறையைச் சொல்கிறேன். ஒரே பக்கம். மேலே வார்டு எண், ஆவணத்தின் பெயர், பக்க எண், அங்கே போட்டிருக்கும் தொகை. நடுவில் என்ன மாற்றம் வேண்டும், ஏன். கீழே பெயர், முகவரி, கையொப்பம். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் கிடைத்ததற்கான பதிலைச் சேமியுங்கள். ஒரே வாசகத்தில் 300 கையெழுத்து வாங்குவதைவிட, வெவ்வேறு தெருக்களிலிருந்து வெவ்வேறு காரணத்தோடு 15 தாள் போவது நல்லது என்பது என் கருத்து. மனுவை ஓர் ஆளின் கருத்தாக ஒதுக்கிவிடுவது எளிது. 15 தனித்தனி விஷயத்துக்குப் பதில் எழுதாமல் விடுவது அத்தனை எளிதல்ல.

எழுதத் தெரியாதவர்கள்? இதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது, நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. 2000-ம் ஆண்டின் 32-ம் எண் நகராட்சி அமைப்புமுறைச் சட்டத்தின் 21-ம் பிரிவுப்படி, எழுத்துமூலக் கருத்துக் கேட்கும் நோட்டீஸிலேயே, எழுத முடியாதவர் அலுவலக நேரத்தில் எங்கே வரலாம், எந்த ஊழியர் அவர் சொல்வதை எழுதிக் கொடுப்பார் என்று குறிப்பிட வேண்டும். அந்த வரி இல்லாத நோட்டீஸைக் கண்டால் எழுத்தில் சுட்டிக்காட்டுங்கள். இருந்தால், தாத்தாவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போங்கள். கூடவே மொழிபெயர்க்க ஒருவரும் போகட்டும்.

தமிழில் நோட்டீஸ் போட மாநகராட்சிக்குக் கடமை உண்டா என்று அடிக்கடி கேட்கிறார்கள். கிடையாது. அரசியலமைப்பின் 6-ம் பிரிவு தமிழைத் தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருது போன்றவற்றோடு பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் அது மொழி வாரியம் மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளின் வரிசையில். ஆட்சிமொழிப் பட்டியலில் அல்ல. நகராட்சிகள் மக்கள் பேசும் மொழியைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்ற பொதுக் கடமை உண்டு. டர்பனில் நடைமுறையில் அது ஆங்கிலமும் இசிசூலுவும் (சூலு மொழி). ஆகத் தமிழ் உங்கள் வேலை. அதிலும் உண்மையைச் சொன்னால், நம் வீடுகளில் நாற்பது வயதுக்குக் கீழே தமிழ் எழுத்து வாசிப்பவர் குறைவு, எழுபதுக்கு மேல் கேட்டுப் புரிந்துகொள்பவர் அதிகம். தமிழுக்கு அச்சைவிடக் குரல்தான் உதவும். ஒரு நிமிடத்துக்கு மேல் போகாத குரல்பதிவு, முதல் வாக்கியத்திலேயே கிழமையும் தேதியும். அச்சிடுவது என்றால் எழுத்து 18 புள்ளிக்குக் குறையாமல் இருக்கட்டும். யூனிகோட் எழுத்துருவில் தட்டச்சு செய்து, எழுத்துரு பதிந்த பி.டி.எஃப். ஆக மாற்றித்தான் கடைக்குக் கொடுங்கள். வேர்டு கோப்பாகக் கொடுத்தால் பிரிண்ட் கடைக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாக வரும், அல்லது கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும்.

ஒரு வார்த்தை இதோடு. வார்டு எல்லைக்குள் நம் ஆட்கள் மட்டும் இல்லை. பக்கத்து வெல்பெடாக்டிலும் பாட்டில்பிரஷ் குடியிருப்பிலும் இருக்கும் மற்ற மொழிக்காரர்களுக்கும் அதே மாநகராட்சிதான் தண்ணீர் தருகிறது. ஆங்கிலமும் இசிசூலுவும் முதலில், தமிழ் அதோடு கூட என்று வையுங்கள். தமிழில் மட்டும் ஓடும் செய்தி வலை அந்த வார்டில் சந்தேகத்தைத்தான் வளர்க்கும்.

இனி டெண்டரும் வேலைத்தளமும். டெண்டர் விளம்பரம் வந்தால் பெரிய வேலைகளுக்கு, அதாவது ஒரு கோடி ராண்டுக்கு மேற்பட்டவை அல்லது நீண்டகாலத்தன்மை உள்ளவைக்கு, குறைந்தது 30 நாள் அவகாசம் இருக்கும். மற்றவைக்கு 14 நாள். பெட்டி திறப்பது எல்லார் முன்னிலையிலும்தான். சங்கத்துக்கு இதில் முக்கியமான ஒன்று ஒப்பந்த எண். விளம்பரம், மதிப்பீடு, வழங்கிய அறிவிப்பு, மன்ற அறிக்கை எல்லாவற்றிலும் அதே எண் ஓடும். அதைக் குறித்துவைத்தால் இரண்டு ஆண்டு கழித்தும் நூல் பிடித்துப் போகலாம். "அந்த ரோடு வேலை" என்று கேட்டால் எந்த அலுவலகத்திலும் பதில் கிடைக்காது.

வேலை தொடங்கிய அன்றே தளப் பலகையைப் படம் எடுத்துவிடுங்கள். அதில் பார்க்க வேண்டியவை: எந்தத் துறையின் வேலை, ஒப்பந்த எண், கான்ட்ராக்டர், ஆலோசகப் பொறியாளர், தொடக்க, முடிவுத் தேதிகள். பெரிய வேலைகளுக்குத் தொழிலாளர் துறை அளித்த கட்டுமான அனுமதி எண்ணும் முகப்பில் தெரியும்படி இருக்க வேண்டும். 2014-ம் ஆண்டுக் கட்டுமான விதிகள் அப்படிச் சொல்கின்றன. பலகையில் முடிவுத் தேதி காலியாக இருந்தால் அதுவே உங்கள் முதல் கேள்வி. பிறகு சமூகத் தொடர்பு அலுவலர் யார் என்று கேளுங்கள். சி.எல்.ஓ. என்று தளத்தில் சொல்வார்கள். உள்ளூர் ஆட்களை வேலைக்கு எடுப்பது, தெரு மூடும் நாள், வீட்டு வாசலில் குழி, எல்லாம் அவர் வழியாகத்தான்.

நம் குவாசூலு-நாட்டால் மாகாணத்தில் கட்டுமானத் தளங்களை ஆட்கள் புகுந்து நிறுத்தும் பிரச்சினை உங்களுக்குத் தெரிந்ததே. "முப்பது சதவீதம் எங்களுக்கு" என்ற கோரிக்கையோடு வருவார்கள். 2017-ம் ஆண்டுக் கொள்முதல் விதிகளில், 3 கோடி ராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களில் இயலுமானால் 30 சதவீதத்தை வரையறுத்த குழுக்களின் நிறுவனங்களுக்குத் துணை ஒப்பந்தமாகக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. அதுகூட யார் வேண்டுமானாலும் வந்து கேட்கும் பங்கு அல்ல. 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளில் அந்த ஏற்பாடே இல்லை. தளத்தில் எத்தனை உள்ளூர் ஆட்கள், எந்த வேலைக்கு, எப்படித் தேர்வு என்பதை வேலை தொடங்குமுன் நோட்டீஸில் போட்டுவிட்டால் வதந்திக்கு இடம் குறையும். மிரட்டல் கும்பல் அதனால் நின்றுவிடும் என்று சொல்லவில்லை; அது காவல்துறை விவகாரம். ஆனால் ஊர் மக்கள் அவர்கள் பின்னால் போகாமல் இருப்பார்கள்.

சாலை வேலைக்கு ஒரு கேள்வியை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: இந்தத் தெருவில் அடுத்த மூன்று ஆண்டில் தண்ணீர்க் குழாயோ மின் கேபிளோ மாற்றும் திட்டம் உண்டா? புதிதாகத் தார் போட்ட தெருவை ஆறே மாதத்தில் வெட்டுவது, இரண்டு துறைகள் இரண்டு பட்டியலில் வேலை பார்ப்பதால். இரண்டு பட்டியலையும் ஒன்றாகப் பார்க்கும் ஆள் சில நேரம் குடியிருப்பாளர் மட்டும்தான். வெட்டிய பள்ளத்தை மூடும்போது மண்ணை அடுக்கு அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் இறுக்க வேண்டும். வழக்கமாக ஓர் அடுக்கு 150 மில்லிமீட்டர். ஒரே கொட்டாகக் கொட்டி மேலே தாரைப் பூசினால் முதல் கனமழையில் வாய்க்கால்போல் அமுங்கும். குறைபாட்டுப் பொறுப்புக் காலம் பொதுவாக 12 மாதம். அதற்குள் அமுங்கியதைப் படத்தோடும் ஒப்பந்த எண்ணோடும் புகார் செய்தால் கான்ட்ராக்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். காலம் கடந்தால் அது மாநகராட்சியின் சாதாரணக் குழிப் பட்டியலில் சேர்ந்துவிடும். அதனால் பணி முடிந்த தேதியையும், பதினோராம் மாதத்தையும் நாட்காட்டியில் குறியுங்கள். அந்தப் பதினோராம் மாதம் நாலு பேர் தெருவில் நடந்து பார்த்தால் போதும்.

இப்போது அவசரச் செய்தி. தண்ணீர் நோட்டீஸில் அடிப்படைக் கோளாறு எல்லை. தண்ணீர் வார்டு எல்லையைப் பார்த்து ஓடுவதில்லை. எந்த நீர்த்தேக்கத்திலிருந்து எந்தத் தெரு என்பதுதான் கணக்கு. மின்சாரம் துணைமின்நிலையத்தைப் பொறுத்தது. ஒரே வார்டில் மேட்டுத் தெருவுக்கு இல்லாமல் பள்ளத் தெருவுக்குத் தண்ணீர் வரும். "வார்டு முழுக்க வெட்டு" என்று அனுப்பினால் பாதிப்பேருக்குப் பொய். அடுத்த முறை உங்களை நம்ப மாட்டார்கள். உங்கள் வார்டில் எந்தத் தெருவுக்கு எந்த நீர்த்தேக்கம் என்று ஒரு பட்டியல் தயார் செய்யுங்கள். துறையிடம் கேட்டும் வாங்கலாம். நாலைந்து தண்ணீர் வெட்டின்போது எந்தத் தெரு நின்றது, எது நிற்கவில்லை என்று குறித்துவந்தாலும் தானாக உருவாகிவிடும்.

அடுத்தது நேரம். மூன்று நேரம் இருக்கிறது: வால்வை மூடும் நேரம், வேலை முடியும் நேரம், குழாயில் தண்ணீர் வரும் நேரம். நோட்டீஸில் இருப்பது இரண்டாவது, மக்கள் நினைத்துக்கொள்வது மூன்றாவது. நீர்த்தேக்கம் காலியாகியிருந்தால் அது ஓரளவு நிறைந்த பிறகுதான் வழங்குவார்கள். மேட்டு வீடுகளுக்குக் கடைசியில், சில நேரம் மறுநாள். இதைச் செய்தியிலேயே சொல்லிவிட்டால் இரவு பத்து மணிக்கு உங்கள் போன் ஓயாமல் அடிக்காது.

மாதிரி ஒன்று:

"தண்ணீர் நிறுத்தம். செவ்வாய் 14 அக்டோபர், காலை 8 மணி முதல். பழுது வேலை மாலை 4-க்கு முடியும் என்று துறை சொல்கிறது. குழாயில் வர இரவு 10 ஆகலாம், மேட்டுத் தெருக்களுக்கு மறுநாள் காலை. பாதிக்கும் தெருக்கள்: (பெயர்கள்). காரணம்: பிரதான குழாயில் வால்வு மாற்றம். டேங்கர்: நூலக வாசல், 12 மணி முதல். துறையின் குறிப்பு எண்: (எண்). தகவல் எடுத்த நேரம்: திங்கள் மாலை 5.30. அடுத்த செய்தி: செவ்வாய் மாலை 4.30."

இதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். "நாளை", "இன்றிரவு" என்ற சொல் கிடையாது. இந்தச் செய்தி நாலு குழு தாண்டி மூன்று நாள் கழித்து ஓர் ஆயாவின் போனுக்குப் போகும். அங்கே "நாளை" என்றால் அது வேறு நாள். அடுத்த செய்தி எப்போது என்று சொன்னால், புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லாவிட்டாலும் அந்த நேரத்துக்கு "மாற்றமில்லை" என்றாவது அனுப்பியே ஆக வேண்டும். அனுப்பாவிட்டால் அந்த இடைவெளியை யாரோ ஒருவரின் குரல்பதிவு நிரப்பிவிடும்.

தண்ணீர் திரும்பும் நாளுக்கு ஒரு நிலையான குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: நின்றிருக்கும்போது எல்லாக் குழாயையும் மூடி வையுங்கள், வந்ததும் முதலில் வெளிக் குழாயைத் திறந்து காற்றும் செம்மண் நிறமும் போகும்வரை ஓட விடுங்கள், அதுவரை வாஷிங் மெஷின் போடாதீர்கள்.

டேங்கருக்கும் ஒரு கணக்கு உண்டு. 24 மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் நின்றால் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 10 லிட்டர் குடிநீர் மாற்று ஏற்பாடாகக் கொடுக்க வேண்டும் என்று 2001-ம் ஆண்டுத் தேசிய விதிகள் சொல்கின்றன. 10,000 லிட்டர் டேங்கர் ஒன்று ஒரு நடைக்கு 1,000 பேருக்குத்தான். உங்கள் பகுதியில் 4,000 பேர் என்றால் நாளுக்கு நாலு நடை. "டேங்கர் அனுப்புங்கள்" என்று கெஞ்சுவதைவிட இந்தக் கணக்கை எழுதிக் கேட்டால் பேச்சு வேறுமாதிரி போகும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, அந்த ஊர் பல மாதம் டேங்கரை நம்பி இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி நீளும்போது டேங்கர் வருகிறது என்ற செய்தி மட்டும் போதாது. எந்த முனை, எந்த நேரம், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு யார் குடம் தூக்கிக் கொடுப்பது என்று ஆள் பெயரோடு பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியல் ஒருங்கிணைப்பாளர் கையில் மட்டும் இருக்கட்டும். குழுவில் போட்டால் தனித் தகவல் பாதுகாப்புச் சட்டத்தையும் மீறுகிறீர்கள். தனியாக இருக்கும் முதியவர் எந்த வீட்டில் என்று திருடனுக்கும் சொல்லிக்கொடுக்கிறீர்கள்.

வாட்ஸ்அப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று அறிவிப்புக்கு மட்டும், நிர்வாகிகள் மூன்று பேர்தான் எழுதலாம். இன்னொன்று பேச. சாதாரணக் குழுவில் 1,024 பேர் வரைதான் சேரலாம், எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். கம்யூனிட்டியின் அறிவிப்புப் பகுதியில் எண்கள் மறைவாக இருக்கும், அதுவே நல்லது. பிராட்காஸ்ட் பட்டியலை நம்பாதீர்கள்: அது 256 பேருக்குத்தான், அதிலும் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டுமே போகும். அனுப்பியவருக்கு எல்லாருக்கும் போனதுபோலவே தோன்றும். பெரிய பி.டி.எஃப். அனுப்பாதீர்கள், ப்ரீபெய்டு டேட்டாவில் இருப்பவர் திறக்கவே மாட்டார். தேவையான பக்கத்தை மட்டும் வெட்டி, அதன் சாரத்தை எழுத்தாகவும் கூட அனுப்புங்கள்.

போன் இல்லாதவர்களுக்குத் தாள். நூலகம், கிளினிக், கோவில் செருப்பு வைக்கும் இடம், டாக்சி நிறுத்தம், மூலைக்கடை. தேதி முடிந்ததும் கழற்ற ஒருவர் பொறுப்பு. பழைய நோட்டீஸ் தொங்கும் பலகையைப் புது நோட்டீஸுக்காக யாரும் பார்ப்பதில்லை. வரைவு பட்ஜெட் போன்ற, பொதுவில் வைக்க வேண்டிய ஆவணங்களை மாநகராட்சியே தலைமை அலுவலகம், கிளை அலுவலகங்கள், நூலகங்கள், இணையதளம் எல்லாவற்றிலும் வைக்கக் கடமைப்பட்டது. அதனால் நூலகரிடம் கேட்டுப் பழகுங்கள். மாநகராட்சியின் இலவசப் பத்திரிகை எசாசெகாகசினி மெட்ரோவையும், உங்கள் பகுதியின் இலவச வாரப் பத்திரிகையையும் ஒருவர் வாரந்தோறும் புரட்டி அறிவிப்புகளைக் கத்தரிக்கட்டும். லோட்டஸ் எஃப்.எம். போன்ற வானொலிக்குச் செய்தி கொடுப்பது என்றால் மூன்று வரிக்கு மேல் எழுதாதீர்கள். தெருப் பெயர் பட்டியல் வானொலியில் நிற்காது.

கோவிலில் மேசை போடலாமா? போடலாம், ஆனால் கட்சிக்கொடி இல்லாமல். எல்லாக் கட்சிக் கவுன்சிலர்களுக்கும் ஒரே கேள்வித்தாளை அனுப்பி, வந்த பதிலை வந்தபடி ஒட்டுங்கள். பதில் வராதவர் பெயருக்கு எதிரே "பதில் வரவில்லை" என்று தேதியோடு எழுதினால் போதும். கருத்து எதுவும் சேர்க்க வேண்டாம்.

மன்றக் கூட்டத்துக்குப் போகலாமா என்றால், போகலாம். சாதாரணக் கூட்டங்களின் நாள், நேரம், இடத்தை முன்கூட்டி அறிவிக்க வேண்டும். வரைவு துணைச்சட்டம், பட்ஜெட், வளர்ச்சித் திட்டம், சேவை ஒப்பந்தம் போன்றவை விவாதிக்கும்போதும் வாக்கெடுக்கும்போதும் பொதுமக்களை வெளியேற்ற முடியாது. ஆனால் பேச விடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். அங்கே பார்வையாளர் மட்டும்தான். விஷயம் முடிவாவது பெரும்பாலும் அதற்கு முன்பே, துறைக் குழுவிலும் செயற்குழுவிலும். எனவே குழு நிகழ்ச்சிநிரலைக் கேட்டு வாங்குங்கள்.

கேட்டும் கொடுக்காவிட்டால் 2000-ம் ஆண்டின் தகவல் அணுகல் சட்டம் இருக்கிறது. படிவம் 2-ல் விண்ணப்பம், 30 நாளுக்குள் பதில். மாநகராட்சி ஒருமுறை இன்னும் 30 நாள் கேட்கலாம். பதிலே வராவிட்டால் மறுத்ததாகவே பொருள். அதன்மேல் 60 நாளுக்குள் படிவம் 4-ல் உள் மேல்முறையீடு, அதற்குப் பிறகு 180 நாளுக்குள் தகவல் ஒழுங்காணையத்திடம் படிவம் 5. விண்ணப்பத்தில் "சாலை பற்றிய எல்லாத் தகவலும்" என்று எழுதினால் தட்டிக்கழிப்பார்கள். "இன்ன ஒப்பந்த எண்ணின் பணி முடிவுச் சான்றிதழும் குறைபாட்டுப் பட்டியலும்" என்று எழுதுங்கள். இங்கேதான் அன்று எடுத்த தளப் பலகைப் படம் உதவும். ஆனால் பட்ஜெட், ஆண்டறிக்கை போன்று தாமாகவே வெளியிட வேண்டியதற்கு இந்தப் படிவத்தை நிரப்பிக் காலத்தை வீணாக்காதீர்கள்; நேரடியாகக் கேளுங்கள்.

யாரிடம் புகார் என்பதிலும் குழப்பம் உண்டு. என்-2, என்-3 நெடுஞ்சாலைகள் தேசிய சாலை நிறுவனமான சன்ரால் பொறுப்பு. ஆர் எழுத்தில் தொடங்கும் சாலைகளில் பல மாகாணத்தினுடையவை. பள்ளிக்கூடம் மாகாணம். தெருவிளக்கு, மழைநீர் வடிகால், குப்பை, கல்லறை மாநகராட்சி. மீட்டருக்கு உள்பக்கக் கசிவு வீட்டுக்காரர். எந்தப் புகாருக்கும் குறிப்பு எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். எண் இல்லாத புகார் சொல்லாத புகார்தான்.

எல்லைகள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 2021 நவம்பர் 1 தேர்தலில் எத்தெக்வினியில் 111 வார்டுகள், 222 உறுப்பினர்கள். ஒவ்வொரு மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் முடிந்து 90 நாளுக்குள் அடுத்த தேர்தல் நடக்கும். அதற்கு முன் வார்டு எல்லைகளை மறுபடி வரைவார்கள். சாலையின் ஒரு பக்கம் ஒரு வார்டு, மறுபக்கம் இன்னொன்று என்று ஆகலாம். வார்டு கமிட்டியும் தேர்தலோடு புதிதாக அமையும். அதனால் தெருப் பட்டியல், நீர்த்தேக்கப் பட்டியல், ஒப்பந்த எண்கள், பதினோராம் மாத நாட்காட்டி எல்லாம் கவுன்சிலர் அலுவலகத்தை நம்பி இல்லாமல் சங்கத்தின் சொந்தக் கோப்பில் இருக்கட்டும், இரண்டு பேரிடம் பிரதியோடு.